கல்லைத் தள்ளிவிட்டார்கள், அப்புறம்? 'ஷார்ஸ் கவுன்ட்டர் அட்டாக்' முடிவு பற்றி ஒரு பஞ்சாயத்து

கரட்டடியான் (காங்கேயம் பக்கம்)

படம் பார்க்காதவர்கள் இதோடு திரும்பிவிடுங்கள். கடைசி நிமிஷம் வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். 1988இல் வந்த ஜப்பான் அனிமே படத்துக்கு எச்சரிக்கை ஒரு கேடா என்று கேட்காதீர்கள், போன தடவை இப்படித்தான் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார்.

மூன்று மாசமாக வரிசை தப்பாமல் பார்த்தேன். குண்டம் என்றால் ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சச ரோபோ, விண்வெளிச் சண்டைக் கதை. 1979இல் தொடங்கிய முதல் குண்டம் தொடர் 43 அத்தியாயம், ஸீட்டா 50, டபுள் ஸீட்டா 47. ஆக 140 அத்தியாயத்தைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் இந்தப் படத்துக்கு வந்து சேர்ந்தேன். நாயகன் அமுரோவுக்கும் வில்லன் ஷாருக்கும் கதைக்கணக்கில் 14 வருஷப் பகை. அதைத் தீர்த்துவைக்கத்தானே இயக்குநர் டொமினோ தியேட்டருக்கென்றே இதை எடுத்தார்?

தீர்ந்ததா? ஷார் தள்ளிவிட்ட ஆக்ஸிஸ் என்ற மலையளவு விண்கல் பூமியை நோக்கி வருகிறது. அமுரோ இருக்கும் லோண்டோ பெல் என்ற பூமிப்படைப் பிரிவு ஆட்கள் உள்ளே போய் வெடி வைத்து இரண்டாகப் பிளக்கிறார்கள். வெடி தூக்கலாகப் போய், பின்பாதி பூமிப் பக்கமே சாய்ந்துவிடுகிறது. அமுரோ தன் நியூ குண்டத்தைக் கல்லோடு கல்லாக ஒட்டவைத்து ஒற்றை ஆளாகத் தள்ளுகிறான். ஷார் உட்கார்ந்திருக்கும் காக்பிட் உருண்டையையும் அதே கல்லில் அழுத்திப் பதித்து வைத்திருக்கிறான். அந்த நிலைமையிலும் இரண்டு பேரும் வாய்ச்சண்டை. கடைசியில் ஷார், முதல் தொடரில் செத்துப்போன லாலாவைப் பற்றிச் சொல்கிறான், அவள் தனக்குத் தாயாக இருந்திருக்கக் கூடியவள் என்று. அமுரோவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஒரே வெளிச்சம், கல் விலகிப் போகிறது, பாட்டு. செத்தார்களா பிழைத்தார்களா, ஒரு பிரேம் காட்டவில்லை.

எங்கப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கூட்டுக் கிணறு. பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தண்ணி முறையில் மூணு மணி நேரக் கரண்ட் யாருக்கு என்று ஆரம்பித்தது. இப்போது கேட்டால், பாட்டி செத்தபோது முதல் கோடி யார் போட்டது என்பதில் வந்து நிற்கிறது. ஷாரும் அப்படித்தான். பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று தொடங்கியவன் கடைசி மூச்சில் லாலாவில் வந்து நிற்கிறான். பங்காளிச் சண்டையைப் பார்க்க நான் எதற்கு 140 அத்தியாயம் உட்கார வேண்டும்? வாசலில் கட்டிலைப் போட்டாலே போதும்.

என் தீர்ப்பு: படம் பிரமாதம், முடிவு மோசம்.

லேத்து_மாப்ள (கணபதி)

முடிவு பற்றி அப்புறம் வருகிறேன். அந்த வண்டிகளைப் பற்றி யாராவது பேச வேண்டாமா?

எனக்குப் பிடித்த காட்சியில் சண்டையே கிடையாது. நியூ குண்டம் கட்டிக்கொண்டிருக்கும்போது, காக்பிட்டைச் சுற்றிய பாகத்தின் மெட்டீரியலை மாற்றியதில் 3 கிலோ எடை குறைந்தது என்று ஒரு பேச்சு வரும். 22 மீட்டர் உயரம், ஓங்கி வளர்ந்த தென்னை மரம் அளவு உருவம். அதில் 3 கிலோ! சாதாரணமாகப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். பட்டறையில் நின்றவனுக்கு வராது. ஒரு பம்ப் இம்பெல்லரில் ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடினால் பேலன்ஸ் போய்விடும், பேரிங் கத்தும். ஓட்டுகிறவனே கூட இருந்து வண்டியைக் கட்டுகிறான் என்பதை டொமினோ அந்த 3 கிலோவில் சொல்லிவிட்டார்.

அதைவிடப் பெரிய சங்கதி, ஓட்டுகிறவன் மனசுக்கு வண்டி பதில் சொல்ல வைக்கும் அந்த சைக்கோஃபிரேமை எதிரிப் பட்டறைக்குக் கசியவிட்டவனே ஷார்தான். எதிராளி தரமில்லாத வண்டியில் வந்தால் ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை என்று நினைக்கிறான். எங்கள் தொழிலில் டிராயிங்கை வெளியே விட்டால் தலையே போய்விடும். இவன் வேண்டுமென்றே விடுகிறான். அந்த ஃபிரேம்தான் கடைசியில் கல்லைத் திருப்புகிறது. ஆக ஷாரைத் தோற்கடித்தது ஷார் விட்ட டிராயிங். இதற்கு மேல் என்ன முடிவு வேண்டும் உங்களுக்கு?

ஒரு பக்கக் கதை: நான் டை மேக்கர். ஒரு நண்பர் ஷாரின் சிவப்பு வண்டி ஸஸாபியின் பிளாஸ்டிக் மாடல் பெட்டி ஒன்று கொடுத்தார். பாகம் ஒட்டியிருக்கும் சட்டத்தைக் கையில் எடுத்ததும் கதையெல்லாம் மறந்துபோச்சு. மோல்டு இரண்டு பாதியும் சேரும் கோட்டை விரல் நகத்தால் தடவித் தேடினேன், சில பாகங்களில் கிடைக்கவே இல்லை. ஓரத்தில் பிதுங்கும் பிளாஷ் இல்லை. பாகத்தை மோல்டிலிருந்து தள்ளும் எஜெக்டர் பின் தடம் முழுக்க உள்பக்கம் ஒளித்து வைத்திருக்கிறான். பசை இல்லாமல் 'டிக்' என்று பூட்டிக்கொள்கிறது. 1980இல் 300 யென்னுக்கு முதல் மாடலை விட்ட கம்பெனி இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. மோல்டு செய்தவனின் பெயர் டைட்டிலில் வராது, கும்பிடு மட்டும் போட்டேன்.

மஞ்சமாநகர் (ஈரோடு)

வீட்டில் டிவியில் ஓடும்போது அம்மாயி வந்து "என்ன படம் கண்ணு?" என்று கேட்டது. "குண்டம்" என்றேன். பண்ணாரி அம்மன் கோயில் தீமிதிக் குண்டம் என்று நினைத்து, "பண்ணாரியா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. பங்குனி மாசம் வேறு. பத்து நிமிஷம் கழித்து, "அம்மனை எப்ப காட்டுவாங்க?" என்றது.

இவ்வளவுதான் என் விமர்சனம். தொடருங்கள்.

செவலைக்காளை (தாராபுரம்)

கரட்டடியான் அண்ணா, மன்னிக்கணும், நீங்கள் ஷாரைப் பங்காளிச் சண்டைக்காரன் அளவுக்குச் சுருக்கிவிட்டீர்கள். என் பெயரைப் பார்த்தாலே தெரியும் நான் எந்தக் கட்சி என்று. சிவப்பு வண்டிக் கட்சி.

அவன் சொல்வதில் என்ன தப்பு? பூமியை நாசமாக்கியவர்கள் பூமியிலேயே சொகுசாக இருக்கிறார்கள். ஏழைகளை மட்டும் ஏற்றி விண்வெளிக்குத் தள்ளிவிட்டார்கள். ஸ்வீட்வாட்டர் என்ற விண்வெளிக் காலனியைப் பாருங்கள், அகதிகளுக்காக இரண்டு வேறு மாதிரிக் காலனிகளை வெட்டி ஒட்டிக் கட்டியது. அதில் குடியிருந்தால் தெரியும். ஷாரின் கணக்கு ஒன்றுதான். எல்லாரும் மேலே போனால் மண் ஓய்வெடுக்கும். நம்ம பக்கம் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அவன் பேச்சு சுருக்கென்று ஏறும். மனிதன் கை வைக்காமல் விட்டால் எல்லாம் தானாகத் தெளியும்.

நொய்யல்கரை (திருப்பூர்)

செவலை, ஆற்றை இழுத்தாய், அதனால் வருகிறேன்.

நான் நொய்யல் ஓரத்தில் வளர்ந்தவன். இன்றைக்குத் தண்ணி என்ன கலர் என்று பார்த்து எந்தப் பட்டறையில் எந்த ஆர்டர் ஓடுகிறது என்று சொல்வோம். ஒரத்துப்பாளையம் அணையில் சேர்ந்த தண்ணியை வயலுக்கு விட முடியாமல் சனங்கள் பட்ட பாடும் தெரியும். 2011 ஜனவரியில் கழிவு வெளியேறக் கூடாது என்று ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சரியான தீர்ப்பு. நானே சொல்கிறேன், சரியான தீர்ப்பு.

எங்கப்பா ஒரு சாயப்பட்டறையில் வின்ச், அதாவது துணியைச் சாயத்தில் சுற்றும் மெஷின், ஓட்டினார். மூடிய மறுநாள் டிபன் பாக்ஸோடு போய், கேட்டில் பூட்டைப் பார்த்துவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு வந்தார். நாலு நாள் அப்படியே போனார். வீட்டில் சொல்லவில்லை. முதலாளி வேறு தொழிலுக்கு மாறிவிட்டார், கார் மாறவில்லை. ஆறு கெட்டபோதும் அடி எங்களுக்கு, ஆற்றைக் காப்பாற்றியபோதும் அடி எங்களுக்கு.

இப்போது படத்துக்கு வா. ஷார் முதலில் ஃபிஃப்த் லூனா என்ற இன்னொரு விண்கல்லைத் திபெத்தின் லாசாமீது போடுகிறான், பூமி அரசின் தலைமையகம் அங்கே என்று. அடனாவர் பராயா என்ற பெரிய அதிகாரி என்ன ஆனார்? முன்கூட்டியே ஷட்டில் ஏறிவிட்டார். அதிகாரத்தைக் காட்டி சீட்டைப் பிடுங்கி ஏறினார். அதனால் அமுரோவின் கப்பல் கேப்டன் பிரைட்டின் குடும்பத்தில் மகன் ஹாத்வே மட்டும் ஏற முடிந்தது, மனைவியும் சின்ன மகளும் கீழேயே நின்றார்கள். கல் விழும்போது கீழே யார் நிற்பார்கள் என்று படமே காட்டிவிட்டது. ஷாரும் ஆபீஸர்தான், தலைக்கு மேலே நின்று பேசுகிறவன். தண்ணி தெளியும், உண்மை. கேட்டில் டிபன் பாக்ஸோடு நிற்பவனுக்கு அவன் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் காட்டு, நானும் சிவப்பு வண்டிக் கட்சிக்கு வந்துவிடுகிறேன்.

செவலைக்காளை

அண்ணா, இதற்கு என்னிடம் பதில் இல்லைங்க. ஆனால் கட்சி மாற மாட்டேன். வண்டி அவ்வளவு அழகு.

அம்மணி_பைலட் (கோபி)

இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், குவெஸ் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. எந்த இழையிலும் இப்படித்தான். எடுத்தால் 'தொல்லை பிடித்த பெண்' என்று திட்டுவதற்குத்தான் எடுப்பார்கள்.

அவளுக்கு வயசு 13. அப்பா அதே அடனாவர் பராயா, கூடவே ஒரு சின்ன வீட்டையும் அழைத்துக்கொண்டு ஷட்டில் ஏறுகிறவர். வீடு பிடிக்காமல் இந்தியாவில் போய்ப் பயிற்சி என்று சுற்றிக்கொண்டிருந்த பிள்ளை. பெரியவர்கள் யாராவது தன்னைக் கவனிக்க மாட்டார்களா என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறது. அமுரோ பார்க்கவில்லை. ஷார் பார்த்தான், எதற்கு? ஆயுதத்தில் ஏற்றுவதற்கு. அன்பாக இரண்டு வார்த்தை பேசி, ஆல்ஃபா ஆஸியேரு என்ற ராட்சச வண்டியில் உட்கார வைத்துவிட்டான். அதற்கு முன்னாலேயே, கப்பலில் யார் இருக்கிறார் என்று தெரியாமல் பெற்ற அப்பனையே சுட்டுவிடுகிறது. பத்தாம் வகுப்புகூட எட்டாத பிள்ளை! இதைப் பார்த்துவிட்டு வந்து 'அவள் குரல் எரிச்சலாக இருக்கிறது' என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது?

லாலா பற்றியும் ஒன்று. 1979இல் ஜப்பான்காரர் ஒருவர் இந்திய வம்சாவளிப் பெண்ணை நெற்றிப் பொட்டோடு வரைந்து, கதையின் நடுமையத்தில் வைத்தது எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். 17 வயசில் ஷாருக்காகக் குறுக்கே வந்து அமுரோ கையால் செத்தாள். 14 வருஷம் கழித்து அன்னப்பறவையாகக் கனவில் வருகிறாள். இந்த இரண்டு பேரும் 'எனக்கு அவள் தாய்' 'உனக்கு எப்படித் தாய்' என்று இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. அமுரோவுக்கு 29 வயசு, ஷாருக்கு 33. 33 வயசு ஆம்பளைக்கு 17 வயசுப் பெண் தாயாக இருந்திருக்க வேண்டுமாம். கரட்டடியான் அண்ணா, உங்களுக்கு அந்த வசனம் புரியவில்லை என்றீர்கள். எனக்குப் புரிந்தது, அதனால்தான் பிடித்தது. அந்த மேடைப்பேச்சு, புரட்சி, பூமி எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னப் பையன் மடி தேடிக்கொண்டிருந்தான் என்று கடைசி நிமிஷத்தில் சட்டையைக் கழற்றிக் காட்டிவிட்டார் டொமினோ. நாயகனையும் வில்லனையும் இப்படி அம்பலப்படுத்திவிட்டு முடிப்பது எளிதல்ல.

உடுக்கை (அந்தியூர்)

நான் இந்தப் பக்கம் அதிகம் எழுதுவதில்லை. அம்மணி சொன்னதும் ஒன்று தோன்றியது.

உடுக்கடிப் பாட்டில் நம்ம கொங்கு நாட்டு அண்ணமார் கதை கேட்டவர்களுக்குத் தெரியும், அண்ணன் தம்பி பொன்னரும் சங்கரும் எதிரி கையால் சாவதில்லை. தங்கள் வாளில் தாங்களே விழுகிறார்கள். தங்கை தங்காள் காடெல்லாம் தேடி வந்து, படுகளத்தில் கிடப்பவர்களை எழுப்புகிறாள். எழுந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறார்கள். மாசியில் வீரப்பூரில் இன்றைக்கும் படுகளம் உண்டு. அருள் வந்தவர்கள் பிணம் மாதிரி விழுவார்கள், தண்ணி தெளித்து எழுப்புவார்கள். சின்ன வயசில் அப்புச்சி தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எங்கள் தெருக்காரர் ஒருவர் விழுந்தார். நாளெல்லாம் பீடி குடிக்கிற மனுஷன், மார்பு ஏறி இறங்கக்கூட இல்லை. எழுப்பும் வரை நான் மூச்சே விடவில்லை.

நம் சனங்களுக்குச் சாவைக் காட்ட வேண்டும், அப்புறம் எழுப்பவும் வேண்டும். அதனால்தான் இந்தப் படத்தின் முடிவு நமக்குத் தொண்டையில் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஷாருக்கும் ஒரு தங்கை இருக்கிறாள், ஸெய்லா. முதல் தொடர் முழுக்க அண்ணனைத் தேடி அலைந்தவள். இந்தப் படத்தில் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுப்ப ஆள் இல்லாத படுகளம். பிணத்தைக் காட்டாமல் விட்டது அதனால்தானோ என்னவோ.

இன்னொன்று, அண்ணமார் கதையே 26 பாகக் கார்ட்டூனாக வந்திருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்தில் தங்கி, பாடகர்கள் பாடியதை டேப்பில் பிடித்தவர். பின்னாளில் அவரே படமாகவும் செய்தார். ராட்சச இயந்திரம் கிடையாது, ராட்சசப் பன்றி உண்டு. கொம்பன். சண்டைக் காட்சிக்குக் குறைவில்லை.

லேத்து_மாப்ள

கொம்பனுக்கு 1/144 அளவில் மாடல் வந்தால் மோல்டு நான் செய்து தருகிறேன். தந்தங்களுக்குத் தனி இன்சர்ட் போட்டால் போதும்.

பனியன்_பையன் (பல்லடம்)

பெரியவங்க பேசுற இடத்தில் குறுக்கே வருகிறேன். எனக்கு 1988 படம் ஓடவே இல்லை, பாதியில் தூங்கிவிட்டேன். யார் எந்தப் பக்கம் என்று சொல்லாமலே ஓடுகிறது. என் ஓட்டு 2024இல் வந்த ஸீட் ஃப்ரீடம் படத்துக்கு. ஜப்பானில் குண்டம் படங்களிலேயே அதிக வசூல் அதற்குத்தான். முடிவு என்றால் அதுதான் முடிவு: சண்டை முடிகிறது, ஜோடி சேர்கிறது, வீட்டுக்குப் போகலாம்.

அம்மணி_பைலட்

தம்பி, வசூலை வைத்துப் பேசினால் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போலாகிவிடும். ஜோடி சேர்வது முடிவா? 2010இல் வந்த டபுள் ஓ குண்டம் படத்தையும் பாருங்கள். எதிரி என்று சுட்டுத்தள்ளிய உலோக உயிர்கள் உண்மையில் பேச வந்தவை என்று தெரிகிறது. 50 வருஷம் கழித்து நாயகன் உடம்பெல்லாம் உலோகமாகி, கிழவியாகிவிட்ட தோழி வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அங்கேயும் ஜோடி சேரவில்லை. எனக்கு அழுகை வந்தது.

மஞ்சமாநகர்

அம்மாயி மறுபடி வந்து கேட்டது, "அந்தக் கல்லு உழுந்துருச்சா கண்ணு?" என்று. இல்லை என்றேன். "அம்மன் இருக்கறா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. எனக்கென்னமோ சைக்கோஃபிரேம் விளக்கத்தைவிட இது கொஞ்சம் தெளிவாக இருக்கிறது.

கரட்டடியான்

எல்லாவற்றையும் படித்தேன். ஆரம்பித்தவன் நான், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடுக்கை எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி கடைசி இருபது நிமிஷத்தை மறுபடி போட்டேன்.

முதல் தடவை அமுரோவையும் ஷாரையும் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் கவனிக்காத இடம் ஒன்று. அமுரோ தனியாகத் தள்ளும்போது பூமிப்படை வண்டிகள் வந்து கை வைக்கின்றன. அப்புறம் ஷாரின் படை வண்டிகளும் வருகின்றன. கல்லைப் போட வந்தவர்களே கல்லைத் தள்ளுகிறார்கள். அமுரோ வேண்டாம், போங்கள் என்று கத்துகிறான். சூட்டில் ஒவ்வொன்றாகத் தெறித்து விழுகிறது. அவர்கள் முகம்கூடக் காட்டவில்லை, பெயர் தெரியாது. இரண்டு பங்காளிகளும் லாலாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது வேலையைச் செய்தது இவர்கள். லேத்து மாப்ள, டைட்டிலில் பெயர் வராதவன் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது.

இது ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கப்பா உள்ளே வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே பார்த்தார்.

"என்றா இது, எல்லாஞ் சேந்து கல்லத் தள்றானுக?"

"பூமில உழுகாம இருக்கறதுக்குப்பா."

"ரெண்டு தரப்பாளுமா?"

"ஆமாங்ப்பா."

"கல்லு யார்து?"

"கவர்மெண்ட்டுதுங்க. தங்கம் வாங்கிக்கிட்டு இந்த ஷாருக்கு வித்துப்போட்டாங்க."

"கிரயம் பண்ணிக் குடுத்தவன் எங்க?"

"செத்துட்டானுங்க. அவன் மகளே தெரியாமச் சுட்டுப்போட்டா."

"அவன் ஒருத்தனா கையெழுத்துப் போட்டான்? கூட இருந்தவனுக?"

படத்தை நிறுத்திவிட்டு யோசித்தேன். காட்டவே இல்லை. ஷார் செத்தானா, அமுரோ செத்தானா என்று இத்தனை நாள் குதித்தேன், இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. எங்கப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "காத்தால அஞ்சு மணியோட நம்ம முறை முடியுது. ஒரு நிமிசம் சேத்தி ஓடுனாலும் அவன் பேச்செடுப்பான். எந்திரிச்சு மோட்டார நிறுத்து" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

நொய்யல்கரை

அப்பாவை இழைக்குள் சேர்த்துவிடுங்கள். எங்கள் எல்லாரையும்விடச் சரியாகக் கேட்டிருக்கிறார்.

அம்மணி_பைலட்

அவர் கேள்விக்குப் பதில் இருக்கிறது அண்ணா. குவெஸ் சாவதைக் கண்ணால் பார்த்த பிரைட்டின் மகன் ஹாத்வே வளர்ந்த பிறகு யாரைத் தேடிக் கிளம்புகிறான் தெரியுமா? அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான். ஹாத்வே படம் 2021இல் வந்தது. அப்பாவையும் கூட உட்கார வைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அது முழுக்கதை இல்லை, மூன்று பாகமாகத் திட்டமிட்டதில் முதல் பாகம்தான். முடிவு அதிலும் இருக்காது.

கரட்டடியான்

அட போங்க அம்மணி.